மதில் மூலையில் ஒரு வளைந்த அம்பு

போன கிழமை என் கைபேசிக்கு ஒரு கல்யாண அழைப்பு வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையில் நின்றுகொண்டு, மறைகிற சூரியனை ஆளுக்கொரு விரலால் பிடித்திருந்தார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தாய் தகப்பன் பெயரைப் பார்த்தும் பிடிபடவில்லை. பிறகுதான் கவனித்தேன், படத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. யாரோ யாருக்கோ அனுப்பியதை அவர் இன்னொருவருக்குத் தள்ளிவிட, அந்த இன்னொருவர் என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

முன்பென்றால் கல்யாணம் சொல்ல வீட்டுக்கு வருவார்கள். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். “கட்டாயம் எல்லாரும் வரவேணும்” என்று வாசலில் ஒருதரம், வெளிக்கதவான படலையில் ஒருதரம் சொல்லுவார்கள். ஒழுங்கைச் சந்தில் இறங்கியதும், “இதுகள் எங்கை வரப்போகுதுகள்” என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போவார்கள். அவ்வளவு பாசாங்கையும் இப்போது ஒரு வளைந்த அம்பு தனியாளாக நின்று செய்து முடித்துவிடுகிறது. கெட்டிக்கார அம்புதான்.

எனக்கும் அதற்கும் பழைய பழக்கம். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். உயர்தரப் பரீட்சையில் நான் எடுத்த புள்ளிகள் என்னைப் பல்கலைக்கழகத்துக்குள் விடவில்லை. அதற்குப் போகிற வழியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்த ஒரு பதாகைக் கடைக்குள் விட்டன. கடைக்காரர் யோகன் அண்ணை. யார் வந்து எதைக் கேட்டாலும் “செய்யலாம்” என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். செய்வது நான்.

கடைக்குள் எந்த நேரமும் புதுப் பிளாஸ்ரிக்கும் மையும் கலந்த ஒரு மணம். அச்சு இயந்திரத்தின் சூடான முதுகில்தான் மத்தியானச் சோற்றுப் பார்சல்களை வைத்திருப்போம். இன்றைக்கும் எங்காவது புதிதாகக் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையைக் கடந்து போனால் எனக்கு முதலில் பசிக்கிறது. துக்கம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்கு வளைந்த அம்பின் மேல் அப்படியொரு மோகம். நேர் அம்பைக் காட்டினால், “இது சும்மா குச்சி மாதிரிக் கிடக்கு” என்பார்கள். ரியூசன் வாத்திமாருக்கு வளைந்த அம்பு இல்லாமல் சுவரொட்டியே இல்லை. புத்தகப் பையோடு நிற்கிற பிள்ளையின் காலடியில் தொடங்கி, மேலே வளைந்து, வெள்ளைக் கோட்டும் கழுத்தில் குழாயுமாக நிற்கிற டொக்டரில் போய்க் குத்தவேண்டும். ஒரு வாத்தியாரின் அம்பு ஒருதரம் வளைந்தால் அடுத்த வாத்தியார் இரண்டுதரம் வளைக்கச் சொல்லுவார். கடைசியில் இரசாயனவியல் படிப்பிக்கிற ஒருவரின் அம்பு பிள்ளையைச் சுற்றிச் சுற்றிப் போனது. அந்தப் பிள்ளை டொக்டராவதற்கு முன்பே தலைசுற்றி விழுந்திருக்கும்.

தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளர் தன் படத்துக்கும் மக்கள் கூட்டத்துக்கும் நடுவே வளைந்த அம்பு கேட்டார். “உங்களிலை இருந்து சனத்துக்குப் போறதோ, சனத்திலை இருந்து உங்களுக்கு வாறதோ?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டையும் போடும்” என்றார். வென்ற பிறகு எந்த அம்பு வேலை செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதில் எழுத்துருவின் கூத்து வேறு. கொம்பியூட்டரில் வசனத்தோடு வசனமாக அழகாக வளைந்து நிற்கிற அம்பு, அச்சு இயந்திரத்துக்குப் போனதும் ஞவாக மாறிவிடும். “பந்தி நடைபெறும் இடம் ஞ” என்று ஒரு கோயிலுக்கு அடித்துக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கிவர யோகன் அண்ணை மோட்டார் சைக்கிளில் பறந்தார். அங்கே போனால், ஞவைப் பார்த்தே சனம் சரியாகப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்ததாம். சோறு விசயத்தில் எங்கள் ஆட்களுக்கு எந்தக் குறியும் விளங்கும்.

இப்படியான ஒரு நாளில்தான் திருச்செல்வம் ஐயா கடைக்கு வந்தார். மருதனார்மடத்துப் பக்கத்தில் வீடு. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர்.

“பிள்ளை, மகளின்ரை கல்யாணம். தாலி கட்டுறது கோயில்லை, சாப்பாடு வீட்டிலை. மாப்பிள்ளை கனடா. வெளிநாட்டுச் சனம் கனக்க வருகுது. அதுகளுக்கு ஒழுங்கை தெரியாது. அம்பு போட்ட பலகை கொஞ்சம் வேணும்” என்றார்.

நான் வழக்கம்போல ஒரு நேர் அம்பை முதலில் காட்டினேன். மனிதர் கதிரையோடு பின்னுக்குப் போனார்.

“ஐயோ, நேர் அம்பு வேண்டாம். நேர போனால் அண்ணையின்ரை படலை.”

“அதிலை என்ன ஐயா?”

“அதிலைதான் எல்லாம். அம்பு வளையவேணும். அவரின்ரை படலையைப் பாத்தும் பாராத மாதிரிப் போகவேணும்.”

பார்த்தும் பாராத மாதிரிப் போகிற அம்பை எந்த மென்பொருளும் எனக்குத் தந்திருக்கவில்லை. அவரே ஒரு கடதாசியில் ஒழுங்கையைக் கீறிக் காட்டினார். பெரிய றோட்டிலிருந்து இறங்கினால் ஒழுங்கை நேரே போய் ஒரு வெள்ளைப் படலையில் முட்டும். அது அவருடைய அண்ணன் அருளம்பலம் மாஸ்ரரின் வீடு. அந்தப் படலைக்குச் சற்று முன்னால், மாஸ்ரரின் மதில் மூலை ஒழுங்கைக்குள் முழங்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி இடப்பக்கம் வளைந்து, பிறகு வலப்பக்கம் திரும்பினால், பின்னால் திருச்செல்வம் ஐயாவின் வீடு.

சண்டையே அந்த மூலைதான். இடம்பெயர்ந்து போன சனம் திரும்பி வந்தபோது பழைய வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. அண்ணன் முந்திக்கொண்டு மதில் கட்டினார். “ஒழுங்கையை விழுங்கிப்போட்டார்” என்றார் தம்பி. “அப்புவின்ரை காணி உதுவரைக்கும்தான்” என்றார் அண்ணன். அன்றோடு கதை நின்றது. செல்லடிக்குள் ஒரே பதுங்கு குழியில் ஒன்றாகக் குந்தியிருந்த இரண்டு பேர், சமாதானம் வந்ததும் ஒரு முழ மதிலால் பிரிந்துபோனார்கள். எங்கள் ஊர் அப்படித்தான். பெரிய சண்டையைத் தாங்கிக்கொள்ளும். சின்னச் சண்டைக்கு உடைந்துவிடும்.

நான் அம்பை வளைத்தேன். “இன்னும்” என்றார். இன்னும் வளைத்தேன். “அம்பின்ரை முதுகு படலைப் பக்கம் பாக்குது, அது மரியாதை இல்லை” என்றார். அண்ணனைக் கூப்பிட மனமில்லாத மனிதருக்கு அண்ணனின் படலைக்கு அம்பின் முதுகைக் காட்டவும் மனமில்லை. வயிறு காட்டுகிறமாதிரி வளைத்தேன். கடைசியில் வந்தது அம்பே இல்லை. கேள்விக்குறிக்குக் கூர் வைத்தது போன்ற ஒன்று. அதைப் பார்த்துவிட்டு, “இதுதான் பிள்ளை, இதுதான்” என்று சந்தோசமாக எழும்பினார்.

பலகைகளை எடுத்துப்போக அவருடைய மகள் அபிராமி வந்தாள். அவள்தான் மணப்பெண். பலகையைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறிவிட்டது.

“அக்கா, இதை நேரா அடிக்கேலாதோ?” என்று கேட்டாள்.

“நேரா அடிச்சால் சனம் உங்கடை பெரியப்பா வீட்டுக்கெல்லே போயிடும்?”

“போகட்டுமே” என்றாள்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அபிராமிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி விட்டதெல்லாம் பெரியம்மா மனோன்மணிதான். மதில் வந்த பிறகும் அவள் அந்த மூலையைச் சுற்றிப் போய்ப் பின்னிக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது கல்யாணம். “அப்பாவைக் கேட்டால், வரட்டும், நான் மறிக்கேல்லை, ஆனால் போய்க் கேக்கமாட்டன் எண்டுறார். பெரியப்பாவைக் கேட்டால், தம்பி வந்து கேட்டால் வாறதைப் பற்றி யோசிப்பன் எண்டுறார். அக்கா, நான் தாலி கட்டின கையோடை பிளேன் ஏறிவிடுவன். அதுக்குப் பிறகு பெரியம்மாவை எப்ப பாப்பனோ தெரியாது.” பலகைகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பத்து மணியளவில், வெள்ளை வேட்டியும் குடையுமாக இன்னொரு மனிதர் வந்தார். மூக்கைப் பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பலகை அடித்தால், மை காய்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

“நீர்தானோ அம்பு வளைக்கிற பிள்ளை?”

“ஓம் மாஸ்ரர்.”

“எனக்கும் ஒண்டு வேணும். என்ரை படலையிலை கட்ட. அந்தக் கல்யாணத்துக்கு வாற ஒரு சனமும் பிழையா என்ரை வளவுக்குள்ளை காலெடுத்து வைக்கக்கூடாது.”

யோகன் அண்ணை உடனே, “செய்யலாம்” என்றார். ஒரு சண்டைக்கு இரண்டு பக்கத்திலும் வேலை கிடைத்தால் எந்தக் கடைக்காரருக்குக் கசக்கும்?

நான், “இது கல்யாண வீடு அல்ல” என்று தட்டினேன். மாஸ்ரர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, நெருப்புச் சுட்ட மாதிரி, “அல்லவோ?” என்றார். “வீடு ஒண்டோ, பலவோ? ஒருமைக்கு அன்று. பன்மைக்குத்தான் அல்ல. ‘இது கல்யாண வீடு அன்று.’ போடும்.”

யோகன் அண்ணை மெல்லச் சொன்னார்: “மாஸ்ரர், அன்று எண்டால் சனம் வேறை மாதிரி விளங்கிக்கொள்ளும்.”

“விளங்காட்டி அது சனத்தின்ரை பிழை. இலக்கணத்தின்ரை பிழை இல்லை.”

வசனத்தை மூச்சு விடுகிற இடத்தில்தான் உடைக்கவேண்டும் என்றும் சொன்னார். அவர் கேட்டபடி ‘இது கல்யாண வீடு’ மேலே பெரிதாக ஒரு வரி. ‘அன்று’ கீழே ஒரு வரி. பக்கத்தில், வந்த வழியே திரும்பிப் போ என்பதற்கு, மேலே ஏறிக் கவிழ்ந்து கீழே வருகிற ஒரு வளைந்த அம்பு. சிவப்பில் வேண்டும் என்றார். போகும்போது படியில் நின்று, “பெட்டை எப்பிடி இருக்கிறாள்?” என்று கேட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெறாமகளைப் பற்றித் திருநெல்வேலிக்கு வந்து என்னிடம் விசாரித்தார். “நல்லா இருக்கிறா மாஸ்ரர்” என்றேன். “ம்” என்றுவிட்டுக் குடையை விரித்தார்.

கல்யாணத்துக்கு எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். யோகன் அண்ணைக்குக் கடையில் வேலை. நான் மட்டும் கோயிலுக்குப் போய்த் தாலிகட்டைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரில் வெளிநாட்டு வான்களுக்குப் பின்னால் போனேன்.

ஒழுங்கை முகப்பில் ஒரு பலகை, பிழையில்லை. அடுத்த பலகை மதில் மூலைக்கு முன்னால் கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்தது. முன்னால் போன வான் அதனடியில் நின்றது. உள்ளேயிருந்து பல தலைகள் வெளியே வந்து என்னுடைய கேள்விக்குறியை உற்றுப் பார்த்தன. ஒரு பொடியன், “வட் இஸ் தற், பாம்பா?” என்றான். அப்போதுதான் அவர்களின் கண்ணில் அடுத்த பலகை பட்டிருக்கவேண்டும். நேர் முன்னால், வெள்ளைப் படலையில், பெரிய எழுத்தில்: இது கல்யாண வீடு. பக்கத்திலே சிவப்பாக ஒரு அம்பு மேலே ஏறி வளைந்து, கூர் நேரே படலைக்குள் இறங்கியது. கீழே ஏதோ சின்னதாக ‘அன்று’. அதையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த சனம் வாசித்துக்கொண்டு நிற்குமா? வான் படலைக்குள் போய்விட்டது. அதன் பின்னால் மற்ற வானும் போனது. ஊர்ச்சனமும் சில பேர், வான் போகிறதே என்று போனார்கள்.

எனக்குச் சரியான வழி தெரியும். என்றாலும் நானும் படலைக்குள் போனேன். நான் வளைத்த இரண்டு அம்புகள் முட்டிக்கொள்கிற இடத்தை விட்டுவிட்டு யாராவது சாப்பிடப் போவார்களா?

மாஸ்ரர் வெறும் மேலோடு, சாரத்தை மடித்துக் கட்டியபடி, முற்றத்தில் பேப்பரோடு நின்றார். வானிலிருந்து முதலில் இறங்கியவர் ஒரு கிழவி. பட்டுச் சேலைக்குக் கீழே, காலில் ஓட்டப் பந்தயச் சப்பாத்து. மாஸ்ரருக்கும் தம்பிக்கும் தகப்பனின் தங்கச்சி, பாக்கியம் மாமி. கனடாவுக்குப் போய் இப்போதுதான் முதல்தரம் ஊருக்கு வருகிறாவாம்.

“டேய் அருளம்! பெறாமகளுக்குக் கல்யாணம், நீ சாரத்தோடை நிக்கிறாய்?”

மாஸ்ரர் பேப்பரை மடித்தார். “மாமி, இது கல்யாண வீடு...” என்று தொடங்கினார்.

“தெரியுமடா. வெளியிலை எழுதிக் கிடக்குத்தானே” என்றுவிட்டு மாமி கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா.

அதற்குப் பிறகு ‘அன்று’ என்று சொல்ல மாஸ்ரருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒருவர் காலில் விழுந்தார். ஒருவர் படம் எடுத்தார். மனோன்மணி அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, நிறைந்த முற்றத்தைப் பார்த்து ஒரு கணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிறகு, “இருங்கோ, எல்லாரும் இருங்கோ” என்று கதிரை, வாங்கு, பாய், கட்டில் எல்லாவற்றையும் வெளியே இழுத்தா. தேத்தண்ணிக் கோப்பை போதாமல் பேணிகளில் ஊற்றிக் கொடுத்தா. நானும் தட்டம் தூக்கினேன். 

“மேளம் எங்கை?” என்று மாமி கேட்டா. “மேளம்... பின்னுக்கு” என்றார் மாஸ்ரர்.

பின்னுக்கு, அளவெட்டியிலிருந்து வந்த மேளகாரர் வெறும் பந்தலுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாழையிலை போட்டபடி. ஆட்கள் இல்லை. கொஞ்ச நேரத்தில் மதில் மூலையில் திருச்செல்வம் ஐயாவின் தலை தெரிந்தது. பட்டு வேட்டி, சால்வை, முகமெல்லாம் வியர்வை. தன்னுடைய கனடாச் சனம் முழுக்க அண்ணனின் முற்றத்தில் பேணியில் தேத்தண்ணி குடிப்பதைக் கண்டார். மூலையைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, அங்கை இருக்கிற என்ரை ஆக்களை இஞ்சாலை வரச்சொல்லு.”

மாஸ்ரர் பேப்பரைப் பார்த்தபடி, “நான் ஒருத்தரையும் கட்டிவைக்கேல்லை எண்டு சொல்லும் பிள்ளை” என்றார்.

“பலகை போட்டு இழுத்தது ஆர் எண்டு கேள்.”

“பலகையை வாசிக்கத் தெரியாத சனத்துக்குக் கல்யாணம் சொன்னது ஆர் எண்டு கேளும்.”

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு நடுவில் நின்றேன். இரண்டு பக்கமும் கூர் வைத்த அம்பு ஒன்று ஊரில் இருந்தால் அது அப்போது நான்தான்.

அந்த நேரம் பார்த்து மணமக்களின் கார் ஒழுங்கைக்குள் வந்தது. சாரதி ஊர்ப்பொடியன், வழி தெரிந்தவன். கம்பத்தடியில் இடப்பக்கம் வளைக்கத்தான் பார்த்தான். பின்சீற்றிலிருந்து அபிராமியின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“நேர போங்கோ அண்ணை. அம்பு அங்கைதானே காட்டுது.”

கார் தகப்பனைக் கடந்து வெள்ளைப் படலைக்குள் வந்து நின்றது. அபிராமி கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒன்றும் விளங்காத மாப்பிள்ளையையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மாஸ்ரர் எழும்பினார். பிறகு தன்னுடைய வெறும் நெஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டு, “மனோ, சேட்டு ஒண்டு...” என்றார்.

மனோன்மணி அம்மா உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தா. கையில் சேட்டு மட்டும் இல்லை. வேட்டி, சால்வை, எல்லாம் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டது. சால்வைக்கு மேலே, காகிதத்தில் சுற்றி, மணமக்களுக்கு என்று ஒரு சோடி வெள்ளிக் குத்துவிளக்கு.

பாக்கியம் மாமி அதைப் பார்த்தா. மாஸ்ரரைப் பார்த்தா. “அப்ப வர இருந்தனி” என்றா. மாஸ்ரர் சேட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். 

மணமக்கள் விழுந்து கும்பிட்டார்கள். மாஸ்ரர் ஏதோ செய்யுள் சொல்லி வாழ்த்தத் தொடங்கினார், நடுவில் நிறுத்திச் சால்வையைச் சரிசெய்தார். மனோன்மணி அம்மா செய்யுள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் தலையலங்காரத்தில் கழன்றிருந்த ஒரு ஊசியை எடுத்துச் சரியாகக் குத்திவிட்டா. அபிராமி அழுதாள். கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியது. படம் பிடிக்கிறவர், “ஐயோ மேக்கப்!” என்று கத்தினார்.

பிறகு மாமி எழும்பி முன்னால் நடக்க, சனம் ஊர்வலம் மாதிரி மூலையைச் சுற்றிப் பந்தலுக்குப் போனது. மாஸ்ரரும் வந்தார். மதில் மூலைவரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் திருச்செல்வம் ஐயா நின்றார். இருவருக்கும் நடுவே ஒரு எட்டு இடம்.

“சாப்பாடு ஆறுது” என்றார் திருச்செல்வம் ஐயா, வானத்தைப் பார்த்து.

“ஆருக்கு?” என்றார் மாஸ்ரர்.

எனக்கு மேளம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. திருச்செல்வம் ஐயா சால்வையால் முகத்தைத் துடைத்தார். இரண்டாந்தரமும் துடைத்தார்.

“உங்களுக்குத்தான் அண்ணை. வாங்கோ.”

மாஸ்ரர் போனார். நன்றாகச் சாப்பிட்டார். சோற்றுக்கு மேல் சோறு வாங்கினார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பந்தல் வாசலில் நாங்கள் அடித்துக் கொடுத்த பெரிய பதாகைக்கு முன்னால் போய் நின்று, “வாழ்த்துக்கள் எண்டு போட்டது ஆர்? வாழ்த்துகள். இதிலை க் வராது” என்றார். பந்தலில் கட்டியிருந்த வாழைக்குலைக்குப் பின்னால் நான் போய் நின்றுகொண்டேன்.

இத்தோடு சுபம் போட்டு முடித்தால் நீங்கள் எங்கள் ஊரை நம்பமாட்டீர்கள். அபிராமி விமானம் ஏறி ஒரு மாதம் ஆகவில்லை, அண்ணனும் தம்பியும் மறுபடி தொடங்கிவிட்டார்கள். “என்ரை பலகையாலைதான் பிள்ளை ஆசீர்வாதம் வாங்கினது” என்று அண்ணன். “நான் அம்பை வளைக்காட்டி உங்கடை பலகையை ஆர் பாத்திருப்பினம்?” என்று தம்பி. ஒரே ஒரு வித்தியாசம். முன்பு மூன்றாம் ஆளைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். இப்போது நேரில். பின்னேரமானால் மூலைக்கு அங்காலே ஒரு கதிரை, இங்காலே ஒரு கதிரை. மதிலைப் பற்றிய சண்டையை மதிலில் சாய்ந்துகொண்டே நடத்தினார்கள். மாஸ்ரர் இடையிடையே எங்கள் கடைக்கும் வந்து, கேட்காமலே ஒற்றுப்பிழை திருத்திவிட்டுப் போவார்.

சில வருடங்கள் அப்படிப் போயின. ஒரு மாரியில் மாஸ்ரர் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத் திருச்செல்வம் ஐயா எங்களிடம்தான் தந்தார். ஒற்றுப்பிழை பார்க்க ஆளில்லாமல் நான் ஒவ்வொரு பக்கத்தையும் பயந்து பயந்து பார்த்து, திருத்தப் பிரதியை ஒரு காலையில் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஒழுங்கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய இயந்திரம் நின்றது. மதில் மூலையில் முதுகை வைத்து நின்றார் திருச்செல்வம் ஐயா. அவருக்கு முன்னால், கையில் கோப்போடு ஒரு இளம் உத்தியோகத்தர்.

“ஐயா, இது நீங்கள் தந்த முறைப்பாடுதானே? மதில் ஒழுங்கைக்குள்ளை நீட்டிக்கொண்டு நிக்குது, உடைச்சுத் தரவேணும் எண்டு. கையெழுத்து உங்கடைதானே?”

“அது அப்ப குடுத்தது தம்பி.”

“இப்பதான் ஐயா உத்தரவு வந்தது.”

கொடுத்த காலத்தில் அந்த அரசாங்கக் கந்தோரின் படியில் அவர் எத்தனை செருப்புத் தேய்த்திருப்பார். அப்போது அசையாத காகிதம், அண்ணன் கண்ணை மூடியதும் கால் முளைத்து வந்து நின்றது.

“அண்ணையின்ரை அந்தியேட்டி முடியேல்லை. அதுமட்டுமாவது விடுங்கோ.”

“மெசின் நாளைக்கு வேறை இடத்துக்குப் போகுது ஐயா. விட்டால் பேந்து எப்ப வருமோ தெரியாது. உங்களுக்கு நல்லதுதானே ஐயா, கார் நேர போகலாம்.”

“எனக்குக் கார் இல்லை” என்றார் திருச்செல்வம் ஐயா. மதிலை விட்டு விலகவில்லை.

வெள்ளைப் படலையைத் திறந்துகொண்டு மனோன்மணி அம்மா வந்தா. மச்சானின் கையைப் பிடித்தா.

“விடு செல்வம். உடைக்கட்டும். சண்டை பிடிக்க அவரெல்லே வேணும்.”

அவர் விலகினார். இயந்திரம் ஒரே இடியில் மூலையைத் தள்ளிவிட்டது. வருடக்கணக்காக இரண்டு குடும்பத்தை வளைத்துப் பிடித்திருந்த மதில், உள்ளே கம்பிகூட இல்லாமல், வெறும் கல்லும் சுண்ணாம்பும். தூசு அடங்கியதும் திருச்செல்வம் ஐயா திருத்தப் பிரதியை என்னிடம் வாங்கி, பார்க்காமலே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த ஒழுங்கை இப்போது தார் போட்டு, கோடு கீறின மாதிரி, படலையைப் பக்கத்தில் விட்டு நேராக அடுத்த றோட்டுக்குப் போகிறது. மனோன்மணி அம்மா தங்கச்சியோடு கொழும்பில். திருச்செல்வம் ஐயாவையும் மனைவியையும் அபிராமி கூப்பிட்டுவிட்டாள். இரண்டு வீட்டுப் படலையிலும் பூட்டு. எங்கள் கடை இருந்த இடத்தில் கைபேசிக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள். யோகன் அண்ணை சுன்னாகத்தில் மகளோடு இருக்கிறார், யார் எதைக் கேட்டாலும் இன்னும் “செய்யலாம்” என்கிறாராம். கல்யாணத்துக்கு இப்போது யாரும் பலகை கட்டுவதில்லை. கைபேசிக்குள் ஒரு பெண் குரல் வலப்பக்கம், இடப்பக்கம் என்று சொல்லுகிறது. யாருடைய படலைக்கு முகம் காட்டக்கூடாது என்று அந்தக் குரலுக்குத் தெரியாது. 

போன மாதம் கனடாவிலிருந்து திருச்செல்வம் ஐயா கதைத்தார். குளிர், முழங்கால், பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராதது எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்:

“பிள்ளை, எங்கடை ஒழுங்கைப் பக்கம் போறனியோ?”

“ஓம் ஐயா. முந்தநாளும் போனனான்.”

“அந்த மூலையிலை இப்ப என்ன நிக்குது?”

“ஒண்டும் இல்லை ஐயா. றோட்டுத்தான்.”

“வாகனங்கள் போகுதோ?”

“போகுது ஐயா. நல்ல வேகமாப் போகுது.”

“பாத்துப் போகச்சொல்லு பிள்ளை. அண்ணை பின்னேரத்திலை அதிலைதான் கதிரை போட்டு இருக்கிறவர்.”

“சொல்லுறன் ஐயா” என்றேன்.